பல்கலைக்கழக மருத்துவமனை: கேளுங்கள், சொல்கிறேன்

பொது மருத்துவத் துறையில் யூனிட் (நோயாளிகளைச் சேர்ந்து கவனிக்கும் டாக்டர்கள் குழு) ஒன்றின் தலைவராக இருந்தவன் நான். சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றையும் சேர்த்துச் செய்யும் பெரிய மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் நோய்க்கு மருந்து கேட்காதீர்கள். ரிப்போர்ட் அனுப்பாதீர்கள்.

நோயாளியின் மகள்: ஐயா, அம்மாவின் கட்டிலைச் சுற்றிக் காலையில் ஒரு கூட்டமே நிற்கிறது. இவர்களில் யார்தான் டாக்டர்?

இளநிலை மாணவர்களைத் தவிர எல்லோரும் டாக்டர்தான். முடிவுக்குப் பொறுப்பு யூனிட் தலைவர். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள் (எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படிப்பவர்கள்), பயிற்சி மருத்துவர்கள். ஓரத்தில் குறிப்பேட்டோடு நிற்பவர்கள் இளநிலை மாணவர்கள். அவர்கள் மருந்து எழுத மாட்டார்கள். உங்கள் அம்மாவை அதிக நேரம் பார்ப்பவர் முதுநிலை மாணவர். நேற்று இரவு எத்தனை மணிக்குக் காய்ச்சல் வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்று கேள்விகளுக்கு விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த யூனிட்? தலைவர் யார்? இன்றிரவு பணியில் யார்? மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

கூட்டத்தைக் கண்டு மிரள வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் மருத்துவப் பேராசிரியர் போயர்ஹாவே பன்னிரண்டு கட்டில்களை வைத்துக்கொண்டு இப்படித்தான் கற்பித்தார். பத்துப் பேர் முன்னால் தன் கணிப்பை நியாயப்படுத்த வேண்டிய டாக்டர் இன்னொரு முறை யோசிப்பார். அது உங்களுக்கு லாபம். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால், மாணவர்கள் வெளியே நிற்கட்டும் என்று சொல்லலாம், சிகிச்சை குறையாது.

குழப்பத்தில் ஒருவர்: ஆராய்ச்சிக்கென்று ஒரு படிவம் தந்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் கவனிக்க மாட்டார்களா?

கவனித்தே ஆக வேண்டும். சிகிச்சைக்கான ஒப்புதல் வேறு, ஆராய்ச்சிக்கான ஒப்புதல் வேறு. இரண்டையும் ஒரே கட்டாக நீட்டினால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பதும் பாதியில் விலகுவதும் உங்கள் உரிமை. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறி வகுத்த 1964இன் ஹெல்சிங்கி பிரகடனத்துக்குப் பிறகு இதில் விவாதமே இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: புது மருந்தைப் பழையதோடு ஒப்பிடும் சோதனை என்றால், யாருக்குப் புதியது, யாருக்குப் பழையது என்பதைப் பெரும்பாலும் குலுக்கல் முறை முடிவு செய்யும். புதியது மேல் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சோதனைக்கே அவசியமில்லை.

பயந்தவர்: மாணவர்கள் எனக்கு அறுவை செய்வார்களா?

இளநிலை மாணவர்கள் செய்ய மாட்டார்கள். முதுநிலை மாணவர்கள், மூத்தவர் மேற்பார்வையில், படிப்படியாகச் செய்வார்கள். எந்தப் பகுதியை யார் செய்வார் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொருவர்: மாணவர்கள் எங்களை வைத்துத் தொழில் பழகிக்கொள்கிறார்களாமே?

மேலே பாருங்கள்.

முதலாண்டு முதுநிலை: சார், பணிநேர வரம்பு எங்கள் பயிற்சியைக் கெடுக்கிறது. நோயாளியை முழுதாகத் தொடர முடிவதில்லை.

நோயாளியின் மகள்: தூங்காத டாக்டர் என் அம்மாவைத் தொட வேண்டாம்!

முதலாண்டு முதுநிலை: தூங்கி எழுந்து வருபவருக்கு உங்கள் அம்மாவைப் பற்றி என்ன தெரியும்?

சண்டை வேண்டாம், இருவர் பக்கமும் சான்று இருக்கிறது. பாஸ்டனில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு: நெடுநேரப் பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், குறைத்த நேரத்தில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்தார்கள். அமெரிக்காவில் 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்பது வரம்பு. ஆனால் 2016இல் அறுவைத் துறைகளில் நடந்த பெரிய ஒப்பீட்டில், 80 மணி வரம்பை வைத்துக்கொண்டு ஒரு முறைப்பணியின் (ஷிப்ட்) நீளத்தை மட்டும் தளர்த்தியபோது, இறப்பும் கடும் சிக்கலும் கூடவில்லை.

காரணம் எனக்குப் புதிராகத் தெரியவில்லை. நேரத்தைக் குறைத்தால் கைமாற்றங்கள், அதாவது பணி முடிந்த டாக்டர் நோயாளியின் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்பது, கூடும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதாவது ஒன்று சிந்தும். தூக்கத்தில் கிடைத்த லாபம் அங்கே கரைந்துபோகும்.

முதலாண்டு முதுநிலை: அப்படியானால் நான் சொன்னதுதான் சரி.

இல்லை. கைமாற்றத்தைச் சீர்செய்யுங்கள் என்றுதான் அதற்குப் பொருள். ஒன்பது மருத்துவமனைகளில் ஒழுங்கான கைமாற்ற முறையைப் புகுத்தியபோது பிழைகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014இல் வெளியிட்டார்கள். யாருடைய தூக்கத்தையும் அதற்காகப் பறிக்கவில்லை.

பயந்தவர்: ஐயா, மாணவர் ஊசி போட்டால்…

மேலே பாருங்கள். அதற்கும் மேலே.

பொதுவான கேள்வி: சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரிய மருத்துவமனைதானே நல்லது?

இல்லை. வரிசையில் நின்று நொந்துபோவீர்கள். அரிய நோய், பல உறுப்புகளைத் தொடும் நோய், விடை கிடைக்காமல் இழுத்தடிக்கும் நோய், இவற்றுக்கு வாருங்கள்.

முதலாண்டு முதுநிலை: சரி சார், அந்தக் கைமாற்ற முறையில் என்னதான் சொல்ல வேண்டும்?

நோயாளி எவ்வளவு மோசம், கதைச் சுருக்கம், இன்றிரவு செய்ய வேண்டியவை, எது நடந்தால் என்ன செய்வது. கடைசியாக, பொறுப்பேற்பவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் விட்டுவிடுவது அந்தக் கடைசியைத்தான். அவர் சொல்லி முடிக்கும்வரை வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

ரிப்போர்ட் அனுப்பியவர்களுக்கு: திறந்துகூடப் பார்க்கவில்லை.