காசு குறையுது, எங்கே தேடுவது? உப தபால் அலுவலகக் கணக்கு: கேள்வி பதில்

வன்னியிலுள்ள உப தபால் அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்டவை. பதில் தருகிறவர் தபால் கணக்குப் பரிசோதனையில் பழகியவர்.

கேள்வி (உப தபாலதிபர், முல்லைத்தீவு மாவட்டம்): சேர், மாதத்தில ரெண்டு மூண்டு தரம் பின்னேரம் கணக்கு முடிக்கேக்க காசு குறையுது. எங்கேயிருந்து தேடத் தொடங்குறது?

பதில்: முதலில் கவுண்டரை மூடுங்கோ. குறைவு தெரிந்த பிறகு ஒரு முத்திரைகூட விற்க வேண்டாம். லாச்சி, பெட்டகம், சில்லறை டப்பா மூன்றையும் இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, 5000 இத்தனை, 1000 இத்தனை என்று தாள் வாரியாகக் கடதாசியில் எழுதுங்கோ. ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்கக்கூடாது. முத்திரை இருப்பையும் இப்போதே எண்ண வேண்டும், ஏனென்றால் முத்திரையும் காசுதான். காசு குறைந்து முத்திரை அதே அளவு கூடியிருந்தால், விற்காததை விற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தோடு தேடல் முடிந்தது.

அடுத்தது நேற்றைய முடிவு மீதியும் இன்றைய தொடக்க மீதியும் ஒன்றா என்று பார்ப்பது. பலர் இதைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். பக்கம் மாற்றி எழுதும்போது 1 ஏழாகவும் 3 எட்டாகவும் மாறுவது சாதாரணம்.

பிறகு துண்டுகள். குறைவு வர இரண்டே வழி: புத்தகம் கூடச் சொல்கிறது, அல்லது காசு கூட வெளியே போயிருக்கிறது. மின்கட்டணத்தை இரண்டு தரம் பதிந்தாலும், காசு வாங்காமல் பற்றுச்சீட்டு எழுதினாலும் புத்தகம் கூடச் சொல்லும். காசுக்கட்டளைக்குப் பணம் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைப் பதிய மறந்தாலும் அப்படித்தான். ஆகவே பணம் கொடுத்ததற்கான துண்டுகளை முதலில் எடுத்து, ஒவ்வொன்றையும் பதிவோடு ஒப்பிட்டுப் பென்சிலால் சரி போடுங்கோ. சரி விழாத துண்டு ஒன்று பெரும்பாலும் லாச்சியின் பின்பக்கத்தில் அல்லது கொப்பியின் மட்டைக்குள் கிடக்கும்.

இவ்வளவுக்கும் பிறகும் பிடிபடாவிட்டால், குறைந்த தொகையே கதை சொல்லும்:

குறைவு 9 ஆல் மீதியின்றிப் பிரிந்தால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 3,460 வாங்கி 3,640 என்று எழுதினால் 180 குறையும். பூச்சியம் கூடிப் போனாலும் 9 ஆல் பிரியும். 12,150 குறைகிறதா? 9 ஆல் பிரித்தால் 1,350. அன்றைய துண்டுகளில் 1,350 இருந்தால், அதை 13,500 என்று பதிந்தீர்களா பாருங்கோ.

குறைவின் பாதித் தொகைக்கு ஒரு துண்டு இருந்தால், கொடுத்ததை வாங்கியதாகப் பதிந்திருக்கலாம். 1,300 ரூபா கொடுப்பனவை வரவில் போட்டால் 2,600 குறையும்.

400 குறைந்தால் 100க்குப் பதில் 500 தாள் போயிருக்கலாம். 4,000 என்றால் 1000க்குப் பதில் 5000. 4,900 என்றால் 100க்குப் பதில் 5000. மங்கல் வெளிச்சத்தில் செம்மஞ்சளும் பொன்னிறமும் ஏமாற்றும். எங்கள் தாள்கள் மதிப்புக் கூடக்கூட நீளமானவை. கட்டின் ஒரு முனையை மேசையில் தட்டிச் சமப்படுத்தினால், தவறி உள்ளே போன தாள் மறுமுனையில் நீட்டிக்கொண்டோ உள்வாங்கியோ நிற்கும். கண்ணை நம்பாமல் இதைச் செய்யுங்கோ.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: குறைவைக் கையிலிருந்து போட்டு மூடாதேங்கோ. மூடினால் அந்த நாளின் தடயம் அழிந்துவிடும். அடுத்த மாதமும் அதே பிழை வரும், நீங்களும் அதே காசைப் போடுவீர்கள்.

கேள்வி (உதவியாளர்): முதியோர் காசு குடுக்கிற நாளில மட்டும்தான் குறையுது. ஏன்?

பதில்: அன்று புதுத்தாள் கட்டு பிரிக்கிறீர்கள். புதுத்தாள் ஒட்டும், மார்கழி மழை ஈரத்தில் இன்னும் மோசம். கட்டைப் பிரித்ததும் விசிறிபோல விரித்து, இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு தரம் எண்ணுங்கோ. காலையில் பத்துப் பேருக்கான தொகையைத் தனித்தனி உறைகளில் போட்டு வைத்து, அது முடிந்ததும் அடுத்த பத்தைப் போடுங்கோ. குறைந்தால் எந்தப் பத்தில் குறைந்தது என்று தெரியும். பெயர்ப் பட்டியலில் கைநாட்டோ கையொப்பமோ விழுந்த பிறகே காசு கைமாற வேண்டும். வயதானவர்கள் வெயிலில் நிற்கிறார்கள் என்று இந்த ஒழுங்கை மாற்றினால், ஒருவருக்கு இரண்டு தரம் கொடுபட்டுவிடும்.

கேள்வி: பிரதான அலுவலகத்திலயிருந்து வந்த காசுப்பையில ஒரு கட்டில 99 தாள்தான் இருந்தது. சொன்னால் நம்புவினமா?

பதில்: பையை யார் முன்னால் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பையின் முத்திரையை (சீல்) உடைக்க முன்னம் இன்னொருவரைக் கூப்பிட்டு நிறுத்துங்கோ. கட்டின் சுற்றுப்பட்டியைக் கிழிக்காமல் நுனியில் எண்ணுங்கோ. குறைந்தால் பட்டி, தாள்கள், பையின் முத்திரை மூன்றையும் ஒன்றாக வைத்து, அந்த மணித்தியாலத்திலேயே தொலைபேசியில் சொல்லி, அன்றே எழுத்திலும் அனுப்புங்கோ. லாச்சியோடு கலந்த பிறகு அது உங்கள் குறைவு.

கேள்வி: 2,000 குறையுது, கையால போடட்டோ?

பதில்: வேண்டாம். மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (உப தபாலதிபரின் மகன்): அம்மாவின்ர அலுவலகத்தில உதவிக்கு நிக்கிற பிள்ளையில சந்தேகம். எப்படி உறுதிப்படுத்துறது?

பதில்: தம்பி, முதலில் மூன்று மாதத்துக் குறைவுகளை ஒரு தாளில் எழுதுங்கோ: திகதி, தொகை, கவுண்டரில் யார், சாவி யாரிடம், அன்று என்ன விசேஷ வேலை. 347, 1,283 போன்ற ஒழுங்கற்ற தொகைகள் எழுத்துப் பிழையின் அடையாளம். எடுக்கிறவர் தாளாகத்தான் எடுப்பார். முழு ஆயிரங்களாக, ஒரே ஆள் நின்ற நாளில் மட்டும் குறைந்தால் கவனிக்க வேண்டும். அப்போதும் அது சந்தேகம் மட்டுமே, ஏனென்றால் தாள் மாறிக் கொடுத்தாலும் முழுத்தொகைதான் குறையும். இனி ஒரு லாச்சிக்கு ஒரு ஆள் என்று வையுங்கோ. முன்கூட்டிச் சொல்லாமல் மதியம் ஒரு தரம் எண்ணினால், குறைவு காலையிலா பின்னேரமா என்று சுருங்கும்.

இன்னொன்று. உண்மையான களவு பல வேளை குறைவாகத் தெரியவே தெரியாது. தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்தில் வைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகப் பதிவில் எழுதாவிட்டால், காசை எடுத்த பின்னும் லாச்சி சரியாகவே இருக்கும். அதைப் பிடிக்க வாடிக்கையாளரின் சேமிப்புப் புத்தகத்தை வாங்கி அலுவலகப் பதிவோடு ஒப்பிட வேண்டும். "போன கிழமை கட்டின கறன்ட் பில் இன்னும் ஏறேல்லை" என்று யாராவது சொன்னால் பற்றுச்சீட்டுத் திகதியையும் பதிவுத் திகதியையும் பாருங்கோ. இன்றைய காசால் நேற்றைய குழியை நிரப்புகிறவர் அங்கேதான் அகப்படுவார். ஆக, குறைவைத் தானே எழுதி வைக்கிற பிள்ளையைக் கள்ளி என்று நினைப்பது பெரும்பாலும் அநியாயம்.

கேள்வி (கிளிநொச்சி): எல்லாத்தையும் கணினியில போட்டால் இந்தத் தலையிடியே இல்லைத்தானே? கணினி பிழை விடாது.

பதில்: விடும். பிரித்தானியத் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற புஜிட்சு நிறுவனத்தின் கணினி முறை 1999 முதல் நடைமுறைக்கு வந்தது. அது காட்டிய குறைவுகளை நம்பி, உப தபாலதிபர்களும் ஊழியர்களுமாக 900க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள்.

கேள்வி (அதே ஆள்): அவ்வளவு பேரும் சுத்தமானவை எண்டு எப்படிச் சொல்லலாம்? குறைஞ்ச காசு எங்கேயோ போயிருக்கத்தானே வேணும்?

பதில்: அந்தக் கேள்விதான் அவர்களை அழித்தது. காசு எங்கும் போகவில்லை. பல இடங்களில் அப்படி ஒரு காசு இருக்கவே இல்லை. 2015இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டனில் 8,000 பவுண் காசுப்பை ஒன்றைப் பதியும்போது திரை நின்றுவிட்டது. மீண்டும் பொத்தானை அழுத்த அழுத்த, அதே பை நான்கு தரம் ஏறியது. திரையில் 24,000 பவுண் குறைவு. கையில் இருந்ததோ சரியான காசு.

அங்கே உப தபாலதிபராக இருந்த லீ காசில்டன், குறைவு காட்டுகிறது என்று உதவி இலக்கத்துக்கு 91 தரம் அழைத்தார். 2007இல் தபால் நிறுவனம் போட்ட வழக்கில் தோற்று, 3,21,000 பவுண் செலவுத்தொகை அவர் தலையில் விழுந்தது. கணினி சரியாக வேலை செய்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே சட்ட நிலைப்பாடு. பிழையை நிரூபிக்கும் பாரம் ஆளிடம் போனது, நிரூபிக்கத் தேவையான தரவோ நிறுவனத்திடம் இருந்தது. உப தபாலதிபராக இருந்த அலன் பேற்ஸ் முன்னின்ற வழக்கில் 2019 டிசெம்பரில்தான் அந்தக் கணினி முறையில் பிழைகள் உண்டென்று தீர்ப்பு வந்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகள் ஒரே நாளில் நீக்கப்பட்டன. 2024இல் தனிச்சட்டம் போட்டு மற்றவர்களில் பலரையும் விடுவித்தார்கள்.

கேள்வி (லண்டனில் இருந்து, ஊர் நெடுங்கேணி): இஞ்ச எங்கட ஆக்களும் கடையோட தபால் கவுண்டர் நடத்தினவை. குறைவைத் தங்கட காசால கட்டினதாலதான் கனபேர் வெளியில தெரியாமலே அழிஞ்சு போச்சினம்.

பதில்: உண்மை. ஒப்பந்தப்படி குறைவை நீங்கள்தான் ஈடுசெய்ய வேண்டும் என்றும், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்றும் பலருக்குச் சொல்லப்பட்டது. எல்லோரும் எழுதி வைத்திருந்தால் இத்தனை வருடம் எடுத்திருக்காது.

கேள்வி (கிளிநொச்சி): அப்ப கைக்கணக்குத்தான் நல்லதெண்டுறீங்களோ?

பதில்: இல்லை, அண்ணை. கைக்கணக்கிலும் ஆயிரம் பிழை வரும், ஆனால் பிழை கண்ணுக்குத் தெரியும். வெட்டி எழுதியது தெரியும். கணினியில் அந்தத் தடயத்தை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். கவுண்டரில் ஒரு கொப்பி வைத்து, பரிமாற்ற இலக்கம், தொகை, நேரம் மூன்றையும் எழுதுங்கோ. நடுவில் கறன்ட் போனால் திரும்பப் பதிய முன்னம் கடைசி இலக்கம் ஏறியதா என்று பாருங்கோ. திரை நின்றால் பொத்தானை இன்னொரு தரம் அழுத்தாதேங்கோ.

கேள்வி: கூடினால் என்ன செய்யிறது? போன கிழமை 700 மிஞ்சினது, ஒரு டப்பாவில வைச்சிருக்கிறன், குறையேக்க போடலாமெண்டு.

பதில்: அந்த டப்பாவை இன்றைக்கே இல்லாமல் செய்யுங்கோ. மிச்சத்தையும் திகதியோடு கணக்கில் காட்ட வேண்டும். அந்த 700 யாரோ ஒருவரின் மிச்சக்காசு, அல்லது பதியாமல் விட்ட அவருடைய பில். அவர் வந்து கேட்கும்போது பதிவு இருக்க வேண்டும். பரிசோதனைக்கு வருகிறவர் கணக்கில் இல்லாத டப்பாவைக் கண்டால் நீங்கள் சொல்லும் எதையும் பிறகு நம்பமாட்டார்.

கேள்வி: குறைவைக் கையால போட்டு...

பதில்: வேண்டாம். மூன்றாம் தரம் சொல்கிறேன்.

கேள்வி: காசுக்கட்டளை வேற ஊருக்குப் போய்விட்டது, எப்ப திரும்பும்?

பதில்: அது இந்தப் பகுதிக்குரியதல்ல. பற்றுச்சீட்டோடு அனுப்பிய அலுவலகத்திலேயே கேளுங்கோ.

கேள்வி (உதவியாளர்): சேர், இண்டைக்கு 4,500 குறையுது. உப தபாலதிபர் அக்கா என்னைத்தான் பார்க்கிறா.

பதில்: 4,500 ஒன்பதால் பிரிந்து 500 வருகிறது. இரண்டு இடம் பாருங்கோ: 500 ரூபா வரவு ஏதும் 5,000 என்று பதியப்பட்டதா, 500 தாள் கொடுக்க வேண்டிய யாருக்கும் 5000 தாள் போயிற்றா. முதலாவதைத் துண்டுகளில் அரை மணித்தியாலத்தில் காணலாம். இரண்டாவதற்கு, இன்று 500 தாள் மிச்சமாக வாங்கிப் போனவர்களின் பெயரை நினைவு இருக்கும்போதே எழுதுங்கோ. எண்ணிய தாளில் அக்காவும் நீங்களும் கையொப்பம் வைத்து, குறைவை இன்றைய கணக்கிலேயே எழுதிவிட்டுப் பெட்டகத்தைப் பூட்டுங்கோ.