படுத்திருக்கும் குழாய், தொங்கும் குழாய்: சில கேள்விகள்

ஆழ்கடல் எண்ணெய் வயல்களுக்குக் குழாய் வடிவமைப்பது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், பைப்லைன், ரைசர் இரண்டும் ஒரே எஃகுக் குழாய்தானே? எதற்கு இரண்டு பேர்?

குழாய் ஒன்றுதான், படும் பாடு வேறு. கடற்படுகையில் படுத்துக் கிடப்பது பைப்லைன். அங்கிருந்து மேடைக்கோ கப்பலுக்கோ எண்ணெயை மேலே கொண்டுபோவது ரைசர். இதற்குத் தன் எடை, அலை, நீரோட்டம், மேலே கப்பல் ஆடும் ஆட்டம் எல்லாம் சேரும்.

தொங்கும் குழாய் எங்கே முதலில் உடையும்? மேலே மாட்டியிருக்கும் இடத்திலா?

அதுவும் ஆபத்தான இடம்தான். ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது குழாய் தரையைத் தொடும் இடம். கப்பல் ஏறி இறங்க, அந்தத் துண்டு மண்ணைவிட்டு எழும், மறுபடி படியும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தே ஒடித்துவிடுவோமே, அதே கதை. விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கில் தொடங்கும்.

மெக்ஸிகோ வளைகுடாவில் ஷெல்லின் ஆகர் மேடையில், சுமார் 870 மீட்டர் ஆழத்தில், 1994-லேயே எஃகு ரைசரைச் சும்மா வளைவாகத் தொங்கவிட்டார்கள். அந்த மேடை கடற்படுகையோடு இழுத்துக் கட்டப்பட்டது. மேலும் கீழும் அதிகம் ஆடாது. கப்பல் அப்படியா? பிரேசிலின் பார்க்கே தாஸ் கோன்ஷாஸ் வயலில் ஆழம் சுமார் 1,780 மீட்டர். அங்கே 2009-ல் ரைசரின் கீழ்ப்பாதியில் மிதவைகளைப் பூட்டி, ஒட்டகத் திமில் போல ஒரு வளைவை உண்டாக்கினார்கள். கப்பலின் ஆட்டத்தில் பெரும்பகுதியைத் திமில் வாங்கிக்கொள்ளும். மிதவைகள் மலிவல்ல, அது வேறு விஷயம்.

பைப்லைன், ரைசர் இரண்டையும் ஒரே குழு வடிவமைக்க வேண்டும் என்கிறீர்களே, அப்படி என்ன அவசியம்?

ஒரு சமயம் பைப்லைன் ஒரு குழுவிடம், ரைசர் இன்னொரு குழுவிடம் இருந்தது. கடலடியில் தண்ணீர் 4 டிகிரி அளவில்தான் இருக்கும். உற்பத்தி நின்றால் எண்ணெய் ஆறி, வாயுவும் நீரும் சேர்ந்து ஐஸ் போல உறைந்து அடைத்துவிடும். அதற்குப் பயந்து பைப்லைன்காரர்கள் ரைசருக்கும் சேர்த்து வெப்பக்காப்பைத் தடிமனாக்கச் சொல்லிவிட்டார்கள். குழாய் பருத்தால் நீரோட்டம் இன்னும் பலமாகத் தள்ளும். நீருக்குள் அதன் எடையும் மாறும். ரைசர் கணக்கு முழுவதையும் மறுபடி போட்டோம்.

அப்புறம் இன்னொன்று: குழாய் நடக்கும்! சூடானால் நீளும், ஆறினால் சுருங்கும். ஒரு முனையில் ரைசர் இழுத்துக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு முறை நிறுத்தி ஓட்டும்போதும் பைப்லைன் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நிற்கும். வருடக்கணக்கில் இது சேர்ந்தால் மறுமுனை இணைப்பு தாங்காது. நங்கூரம் போட்டுப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பு எவ்வளவு என்பது ரைசர்காரருக்குத்தான் தெரியும்.

எஃகுக் குழாயை நூல்கண்டு மாதிரி சுற்றிக் கப்பலில் கொண்டுபோகிறார்களாமே, கெட்டுப்போகாதா?

நிரந்தரமாகவே வளையும். இறக்கும்போது உருளைகளுக்கு நடுவே விட்டு நிமிர்த்துவார்கள். வெல்டிங் இதைத் தாங்குமா என்று முன்கூட்டியே மாதிரித் துண்டுகளை வளைத்து நிமிர்த்திச் சோதித்திருப்பார்கள். ரொம்பப் பெரிய விட்டக் குழாய்க்கு இந்த வழி ஆகாது. அதைக் கப்பலிலேயே துண்டு துண்டாக வெல்டிங் செய்து இறக்க வேண்டியதுதான்.