அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் பழைய மேசானிக் லாட்ஜின் (ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சடங்குச் சங்கத்தின் ஊர்க் கிளை) வரலாற்றை எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எதில் தவறு நேரும்?

கூட்டக் குறிப்பேட்டில் தொடங்காதீர்கள். பெரும்பாலோர் அங்கேதான் தொடங்கி, இரண்டாவது நோட்டின் பாதியில் சலித்துக் கைவிடுகிறார்கள். "லாட்ஜ் மூன்றாம் படிநிலையில் திறக்கப்பட்டது, சென்ற கூட்டக் குறிப்பு வாசித்து ஏற்கப்பட்டது, ஒரு விண்ணப்பம் குழுவின் விசாரணைக்கு விடப்பட்டது, லாட்ஜ் இணக்கமாக மூடப்பட்டது." ஐம்பது வருடத்துக்கு இதே வாசகம்தான் ஓடும். (படிநிலை என்பது உறுப்பினர் சடங்கின் வழியே ஒன்றன்பின் ஒன்றாகப் பெறும் மூன்று தகுதிகள்.) சடங்கை எழுத்தில் வைக்கக் கூடாது என்பது விதி. வாக்கெடுப்பிலும் முடிவு மட்டுமே பதிவாகும். கருப்புப் பந்தைப் போட்டவர், அதாவது எதிர்த்து வாக்களித்தவர், யார் என்பது எந்த ஏட்டிலும் இருக்காது. குறிப்பேட்டிடம் கேட்பதற்குக் கேள்விகள் கையில் இருந்தால்தான் அது பேசும். அந்தக் கேள்விகள் வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த இடம், மாநில கிராண்ட் லாட்ஜ் ஆண்டுதோறும் அச்சிட்ட நடவடிக்கைத் தொகுப்பு. அமெரிக்காவில் ஃப்ரீமேசன்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தலைமை கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி கிராண்ட் லாட்ஜ். ஒவ்வொரு ஊர் லாட்ஜும் வருடம் ஒருமுறை தன் உறுப்பினர் கணக்கை அங்கே அனுப்பியாக வேண்டும். அந்தக் கணக்கு அச்சேறியது. பல மாநிலங்களில் பல வருடங்களுக்கு உறுப்பினர் பெயர்களோடு சேர்த்தே. பழைய தொகுப்புகள் கூகுள் புக்ஸிலும் ஹாத்தி டிரஸ்ட் மின்னூலகத்திலும் ஏராளமாக உள்ளன. இணையத்தில் அகப்படாதவற்றுக்கு அயோவா மாநிலம் சீடர் ராப்பிட்ஸில் உள்ள மேசானிக் நூலகத்தைக் கேளுங்கள். மற்ற மாநிலங்களின் தொகுப்புகளும் அங்கே உண்டு.

தமிழில் லாட்ஜ் என்றதும் தங்கும் விடுதி நினைவுக்கு வரும். இங்கே லாட்ஜ் என்பது கட்டடம்கூட இல்லை, ஆட்களின் கூட்டம். கட்டடம் எரிந்தாலும் லாட்ஜ் இருக்கும். லாட்ஜ் கலைந்த பிறகு கட்டடம் மட்டும் நிற்பதும் உண்டு. இந்த இரண்டையும் குழப்பி எழுதிய ஊர் வரலாறுகள் நிறைய.

தொகுப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு வரி என்று எக்செலில் ஓர் அட்டவணை போடுங்கள். சென்ற ஆண்டு இறுதி எண்ணிக்கை, முதல் படிநிலை பெற்றோர், இரண்டாம் படிநிலை பெற்றோர், மூன்றாம் படிநிலை பெற்று மாஸ்டர் மேசன் ஆனோர், வேறு லாட்ஜிலிருந்து வந்து சேர்ந்தோர், மீண்டும் சேர்க்கப்பட்டோர், டிமிட் (விலகல் சான்று) வாங்கி விலகியோர், சந்தா பாக்கிக்காக நிறுத்தப்பட்டோர், வெளியேற்றப்பட்டோர், இறந்தோர், ஆண்டு இறுதி எண்ணிக்கை. மொத்தம் 11 பத்திகள். சென்ற ஆண்டு 62 பேர்; 5 பேர் மாஸ்டர் மேசன் ஆனார்கள், 2 பேர் வந்து சேர்ந்தார்கள், ஒருவர் திரும்பச் சேர்க்கப்பட்டார்: 70. விலகியவர் 3, நிறுத்தப்பட்டவர் 4, இறந்தவர் 2. மீதி 61 வர வேண்டும். அச்சில் 66 என்று இருந்தால் அந்த வருடத்தைச் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டை எடுக்கும்போது முதலில் புரட்ட வேண்டியது அந்த வருடத்தைத்தான்.

கணக்கு இடிப்பதற்கு அடிக்கடி காணும் காரணங்கள் இரண்டு. முதல் படிநிலை மட்டும் பெற்றவர்களையும் உறுப்பினராகக் கூட்டிவிடுவது ஒன்று. மூன்றாம் படிநிலை பெற்றால்தான் முழு உறுப்பினர் என்பது பொதுவான அமெரிக்க வழக்கம், ஆனால் அது தொடக்கத்திலிருந்தே அப்படி இல்லை. 1843-இல் பால்டிமோரில் கூடிய பல மாநிலப் பிரதிநிதிகளின் மாநாடு, லாட்ஜின் அலுவல்களை மாஸ்டர் மேசன் நிலையிலேயே நடத்தப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பு முதல் படிநிலையில் லாட்ஜைத் திறந்து அலுவல் பார்ப்பதே பரவலான பழக்கம். ஆகவே 1820-இன் எண்ணிக்கையையும் 1860-இன் எண்ணிக்கையையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட முடியாது. அடுத்த காரணம், கணக்காண்டு. கிராண்ட் லாட்ஜின் ஆண்டு டிசம்பரில்தான் முடியும் என்று இல்லை. ஜூனில் முடியும் மாநிலத்தில் ஆகஸ்டில் இறந்தவர் அடுத்த வருடக் கணக்கில்தான் வருவார்.

தேதிகளைப் பற்றி இன்னொன்று. சாசனத்திலும் (லாட்ஜுக்கு கிராண்ட் லாட்ஜ் தரும் நிரந்தர அனுமதிப் பத்திரம்) மூலைக்கல்லிலும் 5852 என்று ஆண்டு இருந்தால் திகைக்க வேண்டாம். அது ஒளியின் ஆண்டு என்னும் மேசானியக் கணக்கு; 4000-ஐக் கழித்தால் 1852. ராயல் ஆர்ச் பிரிவின் ஆவணமானால் கணக்கே வேறு, அங்கே கழிக்க வேண்டியது 530.

அடுத்து, லாட்ஜ் எப்போது பிறந்தது? இதில் மூன்று தேதிகள் உண்டு. முதலில் கிராண்ட் லாட்ஜின் தலைவரான கிராண்ட் மாஸ்டர் ஒரு தற்காலிக அனுமதி கொடுப்பார். லாட்ஜின் தலைவரான முதல் மாஸ்டர், அவருக்கு அடுத்த மூத்த வார்டன், இளைய வார்டன் ஆகிய மூவரின் பெயரும் அதில் இருக்கும். இந்தக் கட்டத்தில் லாட்ஜுக்கு எண் இருக்காது, ஆவணங்களில் யூ.டி. (தற்காலிக அனுமதியின் கீழ்) என்றே குறிப்பார்கள். அதன் வேலையைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் ஆண்டுக் கூட்டத்தில் சாசனமும் எண்ணும் வழங்குவார்கள். பிறகு ஒரு நாள் அதிகாரிகள் நேரில் வந்து முறைப்படி நிறுவி, பொறுப்பாளர்களை அமர்த்துவார்கள். மூன்றுக்கும் நடுவே ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேலே ஓடியிருக்கும். ஊர்ப் பலகையில் ஒரு தேதி, சாசனத்தில் ஒரு தேதி, நூற்றாண்டு மலரில் ஒரு தேதி இருந்தால் மூன்றுமே சரியாக இருக்கலாம். மூன்றையும் எழுதி, எது எதுவென்று சொல்லிவிடுங்கள். சாசனம் கிடைக்காமலே முடிந்த லாட்ஜுகளும் உண்டு. இலினாய் மாநிலத்து நாவூவில் 1842 மார்ச்சில் தற்காலிக அனுமதியோடு நிறுவப்பட்ட லாட்ஜ், மார்மன் மதப்பிரிவினரின் குடியேற்றத்தால் வேகமாகப் பெருத்தது. சாசனம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

எண்ணை நம்பி ஏமாறுவதும் எளிது. இலினாயின் முதல் கிராண்ட் லாட்ஜ் 1822-இல் தோன்றிச் சில ஆண்டுகளில் மங்கி மறைந்தது. இப்போதுள்ளது 1840-இல் புதிதாக அமைந்தது. எண்களும் புதிதாகத் தொடங்கின. மேற்கு வர்ஜீனியா 1863-இல் தனி மாநிலமாகி, 1865-இல் அதற்கென கிராண்ட் லாட்ஜ் வந்தது. அதற்கு முந்தைய லாட்ஜுகளை வர்ஜீனியாவின் தொகுப்பில்தான் தேட வேண்டும். மாசசூசெட்ஸிலிருந்து பிரிந்த மேய்னின் 1820-க்கு முந்தைய லாட்ஜுகளை மாசசூசெட்ஸ் தொகுப்பில் தேட வேண்டும். மாசசூசெட்ஸில் லாட்ஜுகளுக்கு எண்ணே கிடையாது, பெயர் மட்டும்தான். பெயரும் நிலையானதில்லை. இரண்டு லாட்ஜுகள் இணையும்போது ஒன்றின் பெயரும் மற்றதன் எண்ணும் ஒட்டிக்கொள்வது சகஜம். கலைந்த லாட்ஜின் சாசனமும் ஏடுகளும் கிராண்ட் லாட்ஜுக்குத் திரும்பியிருக்க வேண்டும்; இணைந்த லாட்ஜின் ஏடுகளோ பெரும்பாலும் வாரிசு லாட்ஜின் அலமாரியில் இருக்கும். அங்கே போய்க் கேட்கும்போது அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அட்டவணை முடிந்ததும் ஒரு கோடு வரைந்து பாருங்கள். மேடு பள்ளங்களில் எது நாட்டுக்குப் பொது, எது ஊருக்கு மட்டும் உரியது என்று பிரிப்பதுதான் வரலாறு எழுதுபவரின் முதல் வேலை. 1826 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து படேவியாவில் வில்லியம் மார்கன் கைதானார். மேசானிய ரகசியங்களை அச்சிடப்போவதாக அறிவித்திருந்தவர் அவர். கனன்டைகுவா சிறையிலிருந்து அவரைக் கடத்திச் சென்றார்கள். பிறகு ஆளைக் காணவில்லை. அதனால் மேசன்கள்மீது கிளம்பிய கோபம் ஒரு தனிக் கட்சியாகவே வளர்ந்தது. 1832 அதிபர் தேர்தலில் அக்கட்சியின் வில்லியம் வர்ட் வெர்மான்ட் மாநிலத்தை வென்றார். மிஷிகன் கிராண்ட் லாட்ஜ் 1829-இல் வேலையை நிறுத்தி, 1840-களில்தான் மீண்டது. உங்கள் ஊர் லாட்ஜுக்கு அந்தக் காலத்தில் பத்துப் பதினைந்து வருட இடைவெளி இருந்தால், ஏடு தொலைந்தது என்று முடிவுகட்டாதீர்கள். கூட்டமே நடக்காமல் இருந்திருக்கலாம். பெருமந்தத்தின் பள்ளம் வேறு வகை: 1929-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 33 லட்சம் பேர், 1941-இல் சுமார் 24.5 லட்சம். சரிவில் பெரும்பங்கு சந்தா பாக்கியால். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஏறி, 1959-இல் 41 லட்சத்தைத் தொட்டது. அதன் பின் இறங்குமுகம். இந்தக் கோட்டிலிருந்து உங்கள் லாட்ஜின் கோடு எங்கே விலகுகிறதோ, அங்கேதான் அந்த ஊரின் கதை இருக்கிறது: ஆலை மூடியது, ரயில் வேறு ஊர் வழியாகப் போனது, லாட்ஜுக்குள்ளேயே பிளவு வந்தது.

இப்போது குறிப்பேட்டுக்குப் போகலாம். அது லாட்ஜின் சொத்து; செயலாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். உறுப்பினர் அல்லாதவருக்கு அசலைத் தரத் தயங்கினால், சிவப்பில் குறித்த வருடங்களை மட்டும் அவரையே வாசித்துச் சொல்லச் சொல்லலாம். குறிப்பேட்டைவிடச் சுவையானவை ரொக்க ஏடும் சந்தாப் பேரேடும். விளக்கு எரிக்கும் எண்ணெய்ச் செலவு நின்று மின்கட்டணம் தொடங்கும் மாதம், ஒரு விதவைக்குக் கொடுத்த விறகு, மாடி வாடகை எல்லாம் அங்கே இருக்கும். துணைவிதிப் புத்தகத்தின் கடைசியில் உறுப்பினர்கள் தம் கையால் இட்ட கையெழுத்துகள் வரிசையாக இருக்கும். குறிப்பேட்டில் செயலாளர் தப்பாக எழுதிய பெயர்களைத் திருத்த அதைவிட நல்ல சான்று இல்லை.

பழைய குறிப்புகளில் கூட்டத் தேதிகள் மாதத்துக்கு மாதம் தாவினால், அது நிலவு லாட்ஜ். பண்ணைகளிலிருந்து குதிரையிலும் வண்டியிலும் வந்தவர்கள் இரவில் வழி தெரிந்து திரும்ப வேண்டும் என்பதால், 'பௌர்ணமியன்று, அல்லது அதற்கு முந்தைய செவ்வாய்' என்பதுபோலத் துணைவிதி இருக்கும். இது உங்களுக்கு ஒரு நல்ல உரைகல். அந்த ஆண்டின் பௌர்ணமித் தேதிகளை எடுத்து வைத்துப் பாருங்கள். பொருந்தாத தேதி, ஒன்று நீங்கள் தவறாக வாசித்ததாக இருக்கும். இல்லையென்றால் இறுதிச் சடங்குக்கோ படிநிலை அளிக்கவோ அழைத்த சிறப்புக் கூட்டம். பௌர்ணமி விதியை மாற்றி 'முதல் செவ்வாய்' என்று திருத்திய கூட்டத்தைக் கண்டுபிடித்தால் விடாதீர்கள். ஊருக்கு நல்ல சாலையோ மோட்டார் காரோ வந்ததன் சுவடாக அது இருக்கும்.

கட்டடத்துக்கு சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களைப் பாருங்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசம். பெரும்பாலும் 50 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவு. இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம், நீலம் என்றால் கல். கீழே கடை, இரண்டாவது அல்லது மூன்றாவது தளத்தில் மேசானிக் ஹால் என்பது சிற்றூர்களின் வழக்கமான அமைப்பு. கடை வாடகை லாட்ஜுக்கு வருமானம், மாடி என்றால் ஒட்டுக்கேட்க வழியில்லை. அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிட்டால் எந்த ஆண்டுகளுக்கு இடையில் இடம் மாறினார்கள் என்று தெரியும். பத்திரத்தைக் கவுண்டி நீதிமன்றத்தில் தேடும்போது லாட்ஜின் பெயரில் மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். அறங்காவலர்கள் பெயரிலோ, கட்டடத்துக்கென்றே பங்கு திரட்டிய சங்கத்தின் பெயரிலோ இருக்கலாம். மூலைக்கல்லில் இருப்பது கல் நாட்டிய தேதி, கட்டி முடித்த தேதி அன்று.

"தீயில் எல்லா ஏடுகளும் போய்விட்டன" என்று பல ஊர்களில் சொல்வார்கள். தீ நிஜமாக இருக்கும், 'எல்லா' என்பது பெரும்பாலும் இராது. செயலாளர்கள் ஏடுகளை வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். பழைய செயலாளர்களின் குடும்பங்களைக் கேளுங்கள். எப்படியும் அனுப்பிய ஆண்டுக் கணக்கு கிராண்ட் லாட்ஜில் இருக்கும். சுவரில் தொங்கும் சாசனம் தீக்குப் பின் கொடுத்த நகலா என்றும் பாருங்கள். கையெழுத்திட்ட கிராண்ட் மாஸ்டரின் பதவிக்காலம் அதைக் காட்டிக்கொடுக்கும். நனைந்த ஏடு கிடைத்தால் பக்கங்களைப் பிரிக்க முயல வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் உறையவைத்துவிட்டு ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். செல்லோடேப்பும் லாமினேஷனும் எந்த ஏட்டுக்கும் ஆகாது.

பெயர்களை மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டால் அவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று கிடைக்கும். சுதந்திர மனிதர் ஒவ்வொருவரையும் பெயரோடு எழுதத் தொடங்கியது 1850-இல்தான். 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீவிபத்தின் விளைவாக அழிந்ததால், 1880-க்கும் 1900-க்கும் இடையில் செய்தித்தாளையும் வரி ஏட்டையும் நம்ப வேண்டும். அப்பாவும் மகனும் ஒரே முதலெழுத்துகளோடு இருப்பது மிகச் சாதாரணம். படிநிலைத் தேதி இல்லாமல் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். ஜார்ஜ் வாஷிங்டன் எங்கள் லாட்ஜில் அமர்ந்தார் என்ற கதை இருந்தால் இரண்டைச் சோதியுங்கள்: அவர் ஃப்ரெடரிக்ஸ்பர்கில் மாஸ்டர் மேசன் ஆனது 1753 ஆகஸ்ட் 4, இறந்தது 1799 டிசம்பர் 14. அந்த இடைவெளியில் உங்கள் லாட்ஜுக்குச் சாசனம் இருந்ததா?

யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதியே ஆக வேண்டும். கருப்பின மேசன்களுக்கு, பிரின்ஸ் ஹால் என்ற பாஸ்டன்காரர் தொடங்கிய மரபில் வந்த தனி லாட்ஜுகள் இருந்தன. பாஸ்டனின் ஆப்பிரிக்க லாட்ஜுக்கு இங்கிலாந்திலிருந்து சாசனம் வழங்கப்பட்டது 1784-இல். வெள்ளையர் கிராண்ட் லாட்ஜுகளோ இருநூறு ஆண்டுகள் ஏற்க மறுத்தன. இன்றும் நிலைத்திருக்கும் ஏற்பு கனெக்டிகட்டில் 1989-இல்தான் தொடங்கியது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு லாட்ஜ் இருந்திருந்தால் அதன் கணக்கு வெள்ளையர் தொகுப்பில் கிடைக்காது. பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜின் தொகுப்பைத் தனியாகத் தேடி, அதற்கும் அதே 11 பத்தி அட்டவணையைப் போடுங்கள்.