கடன் தரகுக் கம்பனி கைமாறினால் ஈடு வைத்த காணிக்கு என்ன ஆகும்?

கேள்வி மட்டக்களப்பிலிருந்து: வங்கிக் கடன் எடுத்துத் தந்த தரகுக் கம்பனியை வேறு ஆட்கள் வாங்கிவிட்டார்கள், எங்கள் காணி என்னாகும்?

ஈட்டு முறி வங்கியின் பெயரில் இருந்தால் ஒன்றும் ஆகாது. தரகர் அதில் ஒரு தரப்பே இல்லை. சந்தேகமென்றால் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் (கல்முனைப் பக்கத்தார் கல்முனையில்) பதிவுப் பிரதி எடுத்து, ஈடு யார் பெயரில் என்று பாருங்கள்.

கவனிக்க வேண்டியது அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்). அதைப் பழைய முதலாளியின் சொந்தப் பெயரில் கொடுத்திருந்தால், அவர் பங்கை விற்றுப்போன பிறகும் அது அவர் கையில்தான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நொத்தாரிசு மூலம் இரத்துச் செய்து, அந்த இரத்தையும் பதியுங்கள்.

இப்போதைய உரிமையாளர் யார்? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பணிப்பாளர் மாறினால் 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20 கொடுக்க வேண்டும். அதன் பிரதியைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பணம் கட்டி எடுக்கலாம். ஆனால் கம்பனியை நடத்தும் பணிப்பாளர் வேறு, பங்கு வைத்திருக்கும் பங்காளர் வேறு. பங்கு கைமாறிய திகதிகளுக்குக் கம்பனியின் பங்குப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். கடந்த 10 வருடப் பங்காளர் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். தனியாள் வியாபாரமென்றால் இதெல்லாம் இல்லை, வியாபாரப் பெயர்ப் பதிவைப் பார்த்தால் போதும்.

புது ஆட்கள் “பைலைப் புதுப்பிக்க” வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவேண்டாம்.