உபுண்டுவில் கிராபிக்ஸ் டிரைவர் போட்டதும் திரை கறுத்துவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து நிறுவத்தான் வேண்டுமா?

வேலந்தாவளத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள் தம்பி. அண்ணன் கொடுத்த பழைய டெஸ்க்டாப், உள்ளே என்விடியா ஜிடி 730 கிராபிக்ஸ் அட்டை, இயங்குதளம் உபுண்டு 24.04. என்விடியாவின் தளத்தில் இருந்த ஆகப் புதிய டிரைவர் கோப்பை, அதாவது அட்டையை ஓட்டும் மென்பொருளை, இறக்கிப் போட்டிருக்கிறீர்கள். மறுபடி ஆன் செய்ததும் இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் விண்டோஸே போடு என்கிறார்கள்.

எதையும் அழிக்காதீர்கள். உங்கள் கோப்புகள் அப்படியே உள்ளேதான் இருக்கின்றன. படம் காட்டுகிற பகுதி மட்டும்தான் எழவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இதே ஜிடி 730இல்தான் இது நடந்தது. கோவையில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய அட்டை. வைகாசி முகூர்த்த சமயம், மறுநாள் காலை பெண் வீட்டுக்கு வீடியோ கொடுக்க வேண்டும், இரவு பதினொரு மணிக்குத் திரையில் அந்த ஒற்றைக் கோடு. பயத்தில் முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவினேன், அதே டிரைவரைப் போட்டேன், அதே கோடு. விடியற்காலை நாலு மணி வரை மூன்று தடவை நிறுவினேன். மூன்று தடவையும் ஒரே தப்பு என்பது அப்போது புரியவில்லை.

தப்பு எங்கே என்றால், ஜிடி 730 என்பது ஒரே அட்டையின் பெயர் அல்ல. 2014இல் அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு சில்லுகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று ஃபெர்மி காலத்து ஜிஎஃப்108, 96 கோர். இன்னொன்று அதற்கு அடுத்த தலைமுறையான கெப்ளர், ஜிகே208, 384 கோர். பெட்டியில் ஒரே பெயர்தான். ஆனால் கெப்ளருக்கான கடைசி டிரைவர் வரிசை 470, ஃபெர்மிக்கு 390. தளத்தில் முதலில் கண்ணில் படுகிற புதிய கோப்புக்கு இந்த இரண்டையுமே தெரியாது.

கறுப்புத் திரைக்கும் காரணம் இதுதான். உபுண்டுவில் நூவோ என்று ஒரு திறந்த மூல டிரைவர் முதலிலேயே இருக்கிறது. நீங்கள் நிறுவிய அன்று படம் தெரிந்ததே, அது நூவோ காட்டியது. என்விடியாவின் டிரைவரைப் போடும்போது, இரண்டும் ஒரே அட்டைக்கு அடித்துக்கொள்ளக் கூடாது என்று நூவோவைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். புதிய டிரைவரோ உங்கள் பழைய சில்லைப் பார்த்து, இது என் ஆள் இல்லை என்று விட்டுவிடும். பழைய ஆளை அனுப்பியாயிற்று, புது ஆள் வேலையை ஏற்கவில்லை. அட்டையை ஓட்ட யாருமே இல்லை.

சரி, உள்ளே நுழைவோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கணினி எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் கிரப் பட்டியல் வரும், எந்த இயங்குதளம் எழ வேண்டும் என்று கேட்கிற பட்டியல் அது. பழைய பயாஸ் முறை என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். உபுண்டு என்ற முதல் வரியில் நின்று 'இ' விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசிப் பக்கம் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதன் பின்னால் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை மங்கலாக, எழுத்தெல்லாம் பெரிதாக வரும். வரட்டும். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், எதுவும் கெட்டுப்போகாது. அப்படியும் டெஸ்க்டாப் வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரையில் பெயர், கடவுச்சொல் கேட்கும். கட்டளைகளை அங்கிருந்தே தட்டலாம்.

முதலில் அட்டை யார் என்று கேளுங்கள். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டினால் நீளமான பட்டியல் வரும். அதில் 'விஜிஏ' என்று உள்ள வரியைத் தேடுங்கள். என்விடியா என்ற பெயருக்குப் பிறகு, சதுர அடைப்புக்குள் ஜீஃபோர்ஸ் ஜிடி 730 என்று இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். அதற்குச் சற்று முன்னால் நிற்கிறது பாருங்கள், ஜிகே208 அல்லது ஜிஎஃப்108, அதுதான் உங்கள் அட்டையின் உண்மையான பெயர். நான் அன்றைக்கு மூன்று தடவை நிறுவியதற்குப் பதில் இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் பத்து நிமிடத்தில் தூங்கப் போயிருக்கலாம்.

அடுத்து, இறக்கிப் போட்ட டிரைவரை நீக்க வேண்டும். 'சுடோ என்விடியா-அன்இன்ஸ்டால்' என்று தட்டினால் அது போட்ட டிரைவரை அதுவே எடுத்துவிடும். தளத்திலிருந்து இறக்கிய கோப்பை உபுண்டுவில் நேரடியாகப் போடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உபுண்டுவில் மென்பொருள்களைப் போட்டு எடுக்கும் பொட்டல நிர்வாகிக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது. இன்றைக்கு நன்றாக ஓடினாலும், உபுண்டுவின் மையப் பகுதியான கர்னலுக்கு அடுத்த மேம்படுத்தல் வரும் அன்று மறுபடி கறுத்துவிடலாம். உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து வந்த டிரைவர் என்றால் ஒவ்வொரு கர்னலுக்கும் அதற்கேற்ற தொகுதி கூடவே அமைந்துவிடும்.

ஜிகே208 என்று வந்தால் நல்ல செய்தி. 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து 'அடிஷனல் டிரைவர்ஸ்' பக்கத்தில் 470ஐத் தேர்ந்தெடுங்கள். இணையம் இணைந்திருக்கட்டும். முடிந்ததும் மறுதொடக்கம்.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். கணினியில் செக்யூர் பூட், அதாவது கையெழுத்தில்லாத மென்பொருளை ஏறவிடாத பாதுகாப்பு, இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் உருவாக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும். ஏதோ பிழை என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நொடியில் போய்விடும், டிரைவரும் ஏறாது. உடனே ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'எஸ்' என்று போய், அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். இந்த டிரைவரை நான் நம்புகிறேன் என்று நீங்களே கையெழுத்துப் போடுகிற இடம் அது.

எழுந்ததும் 'என்விடியா-எஸ்எம்ஐ' என்று தட்டுங்கள். அட்டையின் பெயரும் வெப்பநிலையும் கட்டம் கட்டமாக வந்தால் வேலை முடிந்தது. அப்புறம் ஒன்று, உள்நுழையும் திரையில் வலது கீழ்மூலையில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ஆர்க் என்பது திரையில் படம் காட்டும் பழைய முறை, வேலண்ட் புதியது. வேலண்டுக்குத் தேவையான ஜிபிஎம் வசதி 495 வரிசையில்தான் வந்தது, 470இல் அது கிடையாது.

ஜிஎஃப்108 என்று வந்தால் என்விடியா டிரைவரை மறந்துவிடுங்கள். 390க்கு 2022 முடிவோடு ஆதரவு நின்றுவிட்டது, புதிய கர்னல்களோடு அதை மல்லுக்கட்ட வைப்பது வீண். நூவோவிலேயே இருங்கள். விளையாட்டுகள் திணறும், ஆனால் படிப்பு, நிரல் எழுதுவது, படம் பார்ப்பது எல்லாம் நடக்கும். உங்கள் புராசஸரிலேயே இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால் இன்னும் எளிது. அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகுங்கள். அதற்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம்.

விண்டோஸுக்கே போ என்கிறவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். கேரளப் பள்ளிகளில் கைட் என்ற மாநில அரசு நிறுவனம் கொடுக்கும் இயங்குதளமே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டதுதான். என் மகள் தமிழ் வழியில் படிக்கிறாள், ஐடி பாடம் முழுக்க அதில்தான். வீட்டுக் கணினியில் ஏதாவது நின்றுபோனால் இப்போது அவளே டெர்மினலைத் திறந்துவிடுகிறாள். நம் எல்லையோரப் பிள்ளைகள் காசு கொடுக்காமல், யாரிடமும் கேட்டு நிற்காமல் பயன்படுத்துகிற ஒன்றை, ஓர் அட்டையின் டிரைவருக்காகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

'எல்எஸ்பிசிஐ' காட்டும் அந்த விஜிஏ வரியை அப்படியே இங்கே எழுதுங்கள். 470 போட்ட பிறகும் கறுப்பாகவே இருந்தால் கணினியின் பதிவுகளைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் என்விடியா என்று வரும் வரிகளையும் சேர்த்துப் போடுங்கள். இரவு கடை அடைத்ததும் பார்த்துச் சொல்கிறேன்.