குடியிருப்புக்குள் மழைநீர்க் குளம்: வெள்ளம் வடியுமா, கொசு பெருகுமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் எங்களுடையது 4 ஏக்கர் மனைப்பிரிவு. பூங்கா இடத்தில் 10 சென்ட்டில் மழைநீர்க் குளம் வெட்டலாமா? கொசுதான் மிஞ்சும் என்று சிலர் தடுக்கிறார்கள்.

பதில்: வெட்டலாம். 4 ஏக்கரில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 8 லட்சம் லிட்டர். அதில் 60 சதவீதம் தெருவில் ஓடும் என்று வைத்தால் 4.8 லட்சம். 20 மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் ஆழம், 1:3 சரிவுள்ள கரை (ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் நீளும் சரிவு) என்று வெட்டினால் 3.7 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஓடிவருவதில் முக்கால் பங்கு. மிச்சம் கலங்கல் (குளம் நிறைந்ததும் நீர் வழிந்தோடும் வாய்) வழியாகத் தெருக் கால்வாய்க்குப் போகட்டும். மிகத் தாழ்ந்த வீட்டின் வாசற்படியைவிட ஓர் அடியாவது கீழே கலங்கல் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. போன்ற மழைக்கு இது போதாது. வருடாவருடம் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரைக் குறைக்கும், கிணறுகளுக்கு ஊற்றுத் தரும்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். 2 அடி குழி தோண்டி, இரண்டு முறை நீர் ஊற்றி ஊறவிட்டு, மூன்றாம் முறை அளவெடுங்கள். மணிக்கு 2.5 செ.மீ. இறங்கினால் நிறைந்த குளம் இரண்டரை நாளில் வடியும். கொசு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரமாவது ஆகும் என்பதால் அதற்குள் குளம் காய்ந்துவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ டயரிலும் சிரட்டையிலும் முட்டையிடுவது. அதற்குக் குளத்தைப் பழி சொல்வதில் நியாயமில்லை. களிமண்ணாக இருந்தால் மணல் படுகைவரை உறைகிணறு இறக்கி, வாயில் ஜல்லி நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் 5 அடிக்குள் ஏறிவிடும் இடமானால் இந்தத் திட்டமே வேண்டாம்.

குளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கழிவுநீர்தான். சித்திரை வெயிலிலும் மழைநீர்க் கால்வாயில் நீர் ஓடினால் யாரோ சாக்கடையை இணைத்திருக்கிறார்கள். அதை அடைக்காமல் ஒரு சட்டி மண்கூட அள்ளாதீர்கள், கிணறுகளே நாசமாகும்.

நீர் நுழையும் இடத்தில் குளத்தின் பத்திலொரு பங்கு அளவில் வண்டல் தொட்டி வையுங்கள். சாலை மணலும் எண்ணெய்ப் படிவும் அங்கேயே தங்கும். ஆடியில் வாரினால் போதும். கரையில் வெட்டிவேர் நடுங்கள். தரையில் சிமென்ட் பூச வேண்டாம். அழகுக்காக எப்போதும் நிரப்பி வைக்கவும் வேண்டாம், அடுத்த மழைக்கு இடமிருக்காது.

பூங்கா நிலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால் அவர்களின் அனுமதி கட்டாயம்.