கிளவுட் பயிற்சியில் மகளைச் சேர்க்கும் முன்

மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கும் உங்கள் மகள் கிளவுட் கம்ப்யூட்டிங் (கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவது) பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள். நாலைந்து வருடத்தில் இதுவும் பழசாகிவிட்டால் கட்டிய பணம் வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். கருவிகளின் பெயர்களும் திரைகளும் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு அடியில் இருக்கும் வேலை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதை அவள் பிடித்துக்கொண்டால் போதும்.

தேர்வு முடிவுகளை வெளியிடும் ஓர் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். முடிவு வரும் நாளில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைவார்கள், மறுவாரம் ஆளே இருக்காது. சொந்தமாக சர்வர், அதாவது தளத்தை இயக்கும் கணினி, வாங்கினால் அந்த ஒரு நாள் கூட்டத்துக்கு ஏற்ற அளவில் வாங்கவேண்டும், மற்ற நாளெல்லாம் அவை சும்மா ஓடும். கிளவுடில் காலையில் ஐம்பது சர்வர்களை எடுத்து மாலையில் விட்டுவிடலாம். ஓடிய நேரத்துக்கு மட்டும் பணம். அமேசான் 2006இல் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும் இசி2 என்ற வாடகை சர்வர்களையும் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் அஷூர் 2010இல் எல்லோருக்கும் திறந்தது. கூகுளும் இதே தொழிலில் இருக்கிறது.

எந்தப் பயிற்சியிலும் முதல் வாரமே எந்தப் பொறுப்பு யாருடையது என்று சேவைகளைப் பிரிக்கும் ஐயாஸ் (IaaS), பாஸ் (PaaS), சாஸ் (SaaS) என்ற மூன்று பெயர்கள் வந்துவிடும். பல மாணவர்கள் விளக்கங்களை மனப்பாடம் செய்கிறார்கள், நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வியை வேறு விதமாகக் கேட்டதும் திணறுகிறார்கள். அவளை இப்படி யோசிக்கச் சொல்லுங்கள்: நடுராத்திரியில் ஏதாவது கெட்டுப்போனால் யார் எழுந்து சரிசெய்யவேண்டும்?

ஐயாஸ் முறையில் கிடைப்பது வெறும் விர்ச்சுவல் மெஷின், அதாவது பெரிய சர்வருக்குள் மென்பொருளால் பிரித்துத் தரும் ஒரு கணினி. ஹார்டுவேர் பழுதானால் அது வழங்குநரின் (கிளவுட் நிறுவனத்தின்) கவலை. ஆனால் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, வெளியிலிருந்து நுழையும் வழிகளான போர்ட்டுகளில் தேவையில்லாதவற்றை மூடுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் நம் வேலை. பாஸ் முறையில் நாம் எழுதிய நிரலைக் கொடுத்தால் போதும், இயங்குதளத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த வசதிக்கு ஈடாக, அவர்கள் ஆதரிக்கும் மொழிகளுக்குள்ளும் பதிப்புகளுக்குள்ளும் நாம் அடங்கி நடக்கவேண்டும். 2014இல் அமேசான் அறிவித்த லாம்டா சேவை இன்னும் ஒரு படி மேலே போய், சர்வரைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ஒரு ஃபங்ஷனை (நிரலின் சிறு துண்டை) மட்டும் கொடு என்றது. சாஸ் என்பது நாம் தினமும் பயன்படுத்தும் ஜிமெயில் போன்றது, முழு மென்பொருளும் தயாராக வந்துவிடும்.

இந்த மூன்றிலும் ஒன்று மட்டும் வழங்குநரிடம் போவதே இல்லை: நம் தரவை யார் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது. சேமிப்பகத்தைத் தெரியாமல் பொதுவில் திறந்துவைத்துத் தகவல்கள் வெளியாவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. இதில் கவனமாக இருக்கும் ஆளுக்கு எந்த நிறுவனத்திலும் மதிப்பு உண்டு.

அடுத்தது, கிளவுடை எங்கே நிறுவுவது. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011இல் தந்த வரையறையில் நான்கு வகைகள் இருக்கின்றன. பலரும் பகிர்வது பப்ளிக், ஒரே நிறுவனத்துக்கானது பிரைவேட், ஒரே தேவையுள்ள சில அமைப்புகள் சேர்ந்து வைத்துக்கொள்வது கம்யூனிட்டி, இவற்றை இணைத்து நடத்துவது ஹைப்ரிட். கம்யூனிட்டி வகையை வேலையில் அபூர்வமாகத்தான் பார்ப்பாள். வங்கி, மருத்துவம் போன்ற இடங்களில் சட்டக் கட்டுப்பாடு காரணமாக ஹைப்ரிட் அதிகம்.

எது சிறந்தது என்று அவள் கேட்டால் இரண்டு கதைகளைச் சொல்லுங்கள். அப்போது டிவிடிகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிவந்து, 2008இல் டேட்டாபேஸ் கெட்டுப்போய்ச் சில நாட்கள் அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃபிளிக்ஸ், அதன்பின் அமேசான் கிளவுடுக்கு மாறத் தொடங்கி 2016இல்தான் முடித்தது. அதே 2016இல், கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ், பயனர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து எடுத்துச் சொந்த சர்வர்களுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அறிவித்தது. தேவை ஏறி இறங்கினால் வாடகை லாபம், மிகப்பெரிய அளவில் சீராக ஓடினால் சொந்தமும் கட்டுப்படியாகும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்கு எந்தப் பக்கம் காற்றடித்தாலும் வேலை இருக்கும்.

சரி, பயிற்சிக்குப் பணம் கட்டலாமா? லினக்ஸ் கமாண்டுகள், ஐபி முகவரி, சப்நெட், டிஎன்எஸ் போன்ற நெட்வொர்க் அடிப்படைகள், கொஞ்சம் பைத்தான், டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் ஆகியவை அவளுக்குத் தெரியாவிட்டால் இப்போது வேண்டாம். முதலில் அவற்றைக் கற்கட்டும், எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம் ஒரே ஒரு வழங்குநரைத் தேர்ந்துகொண்டு, ஒரு சிறு வலைத்தளத்தை விர்ச்சுவல் மெஷினிலும் பாஸ் சேவையிலும் தனித்தனியாக நிறுவிப் பார்க்கட்டும். அடுத்து அதையே, சர்வர் அமைப்பைக் கோப்பாக எழுதவிடும் டெராஃபார்ம் என்ற கருவியில் எழுதி ஒரே கட்டளையில் எழுப்பவும் கலைக்கவும் பழகட்டும். தொடக்கநிலைச் சான்றிதழ்கள் பெயர்கள் தெரியும் என்பதற்கு மேல் அதிகம் நிரூபிப்பதில்லை. இந்தச் செயல்திட்டத்தோடு அடுத்த நிலைச் சான்றிதழ் ஒன்றும் இருந்தால் நன்றாக எடுபடும்.

இலவசக் கணக்கு தொடங்கும்போது பெரும்பாலும் கார்டு எண் கேட்பார்கள். அது உங்கள் கார்டாக இருக்கும் என்பதால் பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாளே இரண்டடுக்குச் சரிபார்ப்பையும், செலவு கூடினால் மின்னஞ்சல் வரும் பட்ஜெட் எச்சரிக்கையையும் போடச் சொல்லுங்கள். எச்சரிக்கை செலவை நிறுத்தாது, தகவல் மட்டும் சொல்லும். அதனால் பயிற்சி முடிந்ததும் எல்லாவற்றையும் அவள் கையால் அழிக்கவேண்டும். கடவுச்சொல் போலக் கணக்கைத் திறக்கும் அணுகல் சாவிகளை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றவே கூடாது, அவற்றைத் தேடிப் பிடிக்கவே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வேலையின் இன்னொரு பக்கத்தையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் முறைவைத்து இரவிலும் அழைப்புக்குத் தயாராக இருக்கவேண்டும். 2017 பிப்ரவரி 28 அன்று ஒரு கட்டளையில் தவறாக இட்ட உள்ளீட்டால் அமேசானின் எஸ்3 சேவை ஒரு பகுதியில் சில மணி நேரம் நின்று, எத்தனையோ தளங்கள் முடங்கின. அந்த அழுத்தம் அவளுக்கு ஒத்துவருமா என்று அவளிடமே கேளுங்கள். ஒத்துவராது என்றால் கிளவுடை விடவேண்டியதில்லை. செலவுக் கணக்கு, பாதுகாப்புத் தணிக்கை போன்ற பிரிவுகளில் இரவு அழைப்பு பொதுவாகக் குறைவு, அவற்றுக்கும் மேலே சொன்ன அடிப்படைகள்தான் தேவை.